வெள்ளவத்தைக்குக் கொண்டுபோன ஞானஸ்நானக் கடிதம்

கொழும்புக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். தேயிலை, தேங்காய்ப்பால் மாவு, முட்டிவலிக்கு ஏதோ ஒரு தைலம். நான் போவது கடைக்கு இல்லை, நம் கோயில் வரலாற்றில் விட்டுப்போன ஓர் ஆளைத் தேடி என்று சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை. "அதுக்கு எதுக்கு டீச்சர் கடலைத் தாண்டணும்? நீங்களே ஏதாவது எழுதிட வேண்டியதுதானே" என்றார் பக்கத்து வீட்டு ஜெபமணி. முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது?

எங்கள் ஊர் பனையடிவிளை. அந்தோனியார் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். கோயிலுக்கு நூறு வயதாகப் போகிறது. ஒரு மலர் போட வேண்டும், வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று எங்கள் பங்குத்தந்தை என் தலையில் கட்டினார். அவருக்கு என் மகன் வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை என்றால் ஊரில் எல்லோருக்கும் இளக்காரம்.

எழுத உட்கார்ந்தால், நூறு வருடத்தில் பாதிக்கு எங்கள் ஊரில் சாமியாரே குடியிருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயிலைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். செபம் சொல்லிக்கொடுப்பது, செத்தவர்களை அடக்கம் செய்வது, சாமியார் வரும்வரை தாங்காது என்று பயப்படும் பச்சைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஓலைக் கொட்டகை மண்சுவரானதும் மண்சுவர் ஓட்டுக் கட்டடமானதும் அவர்கள் காலத்தில்தான். அவர்களில் சந்தியாகு என்றொருவர் இருந்தார். அவரை ஊர் இன்றுவரை மறக்கவில்லை, ஆனால் நல்லவிதமாக இல்லை. குடித்துவிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார், அது செல்லாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று, மானம் தாங்காமல் குடும்பத்தோடு இலங்கைக்கு ஓடிப்போனார் என்பது கதை. எங்கள் ஊரில் ஒரு வேலையை இரண்டாம் தடவை செய்ய நேர்ந்தால் "சந்தியாகு ஊத்துன தண்ணி" என்போம்.

கோயில் பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களை எண்ணினேன். சந்தியாகு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் முப்பத்திரண்டு பேர். பிற்பாடு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் ஒரே நாளில் மறுபடி கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். என் அம்மா இரண்டு பட்டியலிலும் இருக்கிறாள். "நான் ரெண்டு மடங்கு கிறிஸ்தவச்சி" என்று பெருமை பேசுவாள். முதல் பட்டியலில் மட்டும் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர் பிலோமினா. பெற்றோர்: சந்தியாகு, அந்தோனியம்மாள். உபதேசியாரின் மகளேதான்.

எங்கள் ஊரின் முகநூல் குழுவில் விசாரித்தேன். பத்தாம் நாள் கொழும்பிலிருந்து ரோஷினி என்றொரு பெண் எழுதினாள்: "அவர் என் அப்பாவின் அக்கா. எண்பத்து நான்கு வயது. நினைவு நல்ல தெளிவு. வாங்கோ."

கிளம்பும்போது பங்குத்தந்தை ஓர் உறை கொடுத்தார். உள்ளே பிலோமினாவின் ஞானஸ்நானக் கடிதம், பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதி, முத்திரை குத்தி. "வெறுங்கையோட போகாதீங்க டீச்சர். வயசானவங்க, சந்தோசப்படுவாங்க. அப்படியே, ரெண்டாவது தண்ணி அவங்களுக்கு ஊத்தலைங்கிறதையும் பக்குவமாச் சொல்லிடுங்க. விருப்பப்பட்டா அங்கேயே ஒரு சாமியார் கொடுத்துடுவார்."

வியாழக்கிழமை காலை வெள்ளவத்தையில் இறங்கினேன். காலி வீதியில் நகைக்கடை, புடவைக்கடை, சைவ ஓட்டல் என்று தமிழ்ப் பலகைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் மதுரை டவுன்ஹால் ரோடு மாதிரித்தான் இருந்தது. சந்துக்குள் திரும்பினால் கோடியில் தண்டவாளம், அதற்கப்பால் உடனே கடல். எங்கள் ஊரில் கடலைப் பார்க்கப் பஸ் பிடிக்க வேண்டும். இங்கே துணி காயப்போட வந்தவர்கள் கடலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியோடு மூச்சிரைக்க ஏறிப்போனால், கதவைத் திறந்து நின்றவர் ஒல்லியாக, பூப்போட்ட வீட்டுச் சட்டையும் கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடியுமாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பனையடிவிளையிலிருந்தோ வாறீங்க? வாங்கோ பிள்ளை. முதல்ல இருங்கோ, தண்ணி குடியுங்கோ. கதை பிறகு."

அறுபத்தொரு வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட ஆள் கிடைத்ததில் எனக்கு ரொம்பவும் சந்தோஷம். நான் அவரைப் பெரியம்மா என்றேன். பிலோமினா பெரியம்மா கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பெனியில் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரோஷினி வங்கியில் வேலை. இருவரும் இந்த வீட்டில்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்து. காய்கறியெல்லாம் போட்டு இஞ்சித் துவையலோடு வரும். இங்கே அது அன்றாடம் இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது, மஞ்சளாக, தண்ணீராக, அமிர்தமாக. ஏழு இடியப்பம் சாப்பிட்டேன். எண்ணியது நானில்லை, பெரியம்மா.

சாப்பிட்டதும் ரோஷினி தேநீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐயோ, சீனி போட மறந்திட்டன். திரும்ப ஊத்திக்கொண்டு வாறன்" என்று எழுந்தாள். நானும் வீட்டு நினைப்பில், "பரவாயில்லம்மா. எங்க ஊர்ல இதைத்தான் சந்தியாகு ஊத்துன தண்ணின்னு சொல்லுவோம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது. நாக்கில் சனி என்பார்களே, அது என் நாக்குத்தான். ரோஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியம்மா தன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப ஊர்ல இன்னும் அப்பாவை மறக்கேல்ல" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஊர்ப் பேச்சு, அர்த்தம் தெரியாமல் சொல்வது என்று ஏதேதோ உளறினேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார். "வெறிகாரன் எண்டுதானே சொல்லுறவை? சொல்லுங்கோ, பரவாயில்ல. அப்பா ஒரு நாளும் குடிச்சதில்ல பிள்ளை. அவருக்குக் கை நடுக்கம். முப்பது வயசிலயே தொடங்கிட்டுது. சோத்தை வாய்க்குக் கொண்டுபோகேக்க பாதி நெஞ்சில கொட்டும்."

பிறகு அவர் சொன்னது இது. பிலோமினா பிறந்த எட்டாம் நாள் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். சாமியார் வர இரண்டு மாதம் இருக்கிறது. சந்தியாகு தன் பிள்ளைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுக்க நின்றார். சொம்பு ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் தலையில் விழாமல் மூக்கில் விழுந்து குழந்தை திணறியது. அந்தோனியம்மாள் சொம்பை வாங்கி, அவர் "பிதாவுடையவும் சுதனுடையவும்" என்று சொல்லச் சொல்ல, தானே ஊற்றினாள். அன்றிலிருந்து ஏழு வருடம் அப்படித்தான். வார்த்தை அவருடையது, தண்ணீர் அவளுடையது. உபதேசியார் மனைவி உதவிக்கு நிற்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஒரு நாள் வெள்ளைக்காரச் சுவாமி சொல்லாமக் கொள்ளாம வந்திட்டார். பாத்திட்டார். ஊத்துறவரே வார்த்தையையும் சொல்ல வேணும், அதுதான் சட்டம். ஏன் இப்பிடிச் செய்தாய் எண்டு கேட்டார். அப்பா என்ன சொன்னவர் தெரியுமா? கலியாணம் கட்டினா ரெண்டு பேரும் ஒரே உடல் எண்டு திருச்சபைதானே சுவாமி படிப்பிக்குது, அப்ப இது என்ட கை, அது அவள்ட கை எண்டு எப்பிடிப் பிரிக்கிறது எண்டு கேட்டாராம்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு அழகான ஒரு தப்பு விடையை எந்தப் பிள்ளையும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

"இன்னொண்டு கேளுங்கோ. அம்மாவே வார்த்தையையும் சொல்லியிருந்தா அது செல்லுமாம். ஆபத்து நேரத்தில ஆரும் குடுக்கலாமாம். அம்மாவுக்கு வார்த்தை பாடம். ஆனா புருசன் உபதேசியார், அவர் நிக்கேக்க நான் சொல்லுறதோ எண்டு வாயைத் திறக்கேல்ல."

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, வேலை போனது. பிள்ளைகளுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றும் நாளுக்கு முன்பே குடும்பம் தோணி ஏறிவிட்டது. கைநடுக்கத்தைச் சொன்னால் இனி எங்கும் வேலை கிடைக்காது என்று சந்தியாகு வாயைத் திறக்கவில்லை. ஊர் அதற்குச் சாராயம் என்று பெயர் வைத்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலில் மணியடித்து, மெழுகுதிரி கொளுத்தும் வேலை கிடைத்தது. "கயிறு இழுக்கக் கை நடுங்கினாப் பரவாயில்லைதானே" என்றார் பெரியம்மா. மெழுகுதிரியை யார் கொளுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பங்குத்தந்தை சொன்னதைப் பக்குவமாகச் சொன்னேன். இரண்டாவது ஞானஸ்நானம் அவருக்கு மட்டும் நடக்கவில்லை, விரும்பினால் இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று.

"தெரியும் பிள்ளை. அப்பா சொல்ல அம்மா ஊத்தினது. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று கைப்பையைத் திறந்தேன். திறந்தபடியே, எங்கள் ஊர்ப் புத்தி விடாதே, கேட்டேன்: "பெரியம்மா ஏன் கல்யாணமே பண்ணிக்கலை?"

ரோஷினி அப்போது வேலைக்குப் போய்விட்டாள். பெரியம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். இருபத்து மூன்று வயதில் கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெனடிக்ற், துறைமுகத்தில் கிளார்க். அவருக்கும் பிடித்திருந்தது, இவருக்கும் பிடித்திருந்தது. கோயிலில் முதல் ஞாயிறு கல்யாண அறிவிப்பும் வாசித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்குள் ஊரிலிருந்து ஞானஸ்நானக் கடிதம் வாங்கிக் கொடு என்றார் அந்தக் கோயில் சாமியார். கடிதம் இல்லாமல் கோயிலில் கல்யாணம் இல்லை.

"கடிதம் வந்தா அதில எல்லாம் எழுதியிருக்கும். இவளுக்குக் குடுத்த ஞானஸ்நானம் செல்லாது, இவள்ட தகப்பன் இன்ன காரணத்துக்காக நீக்கப்பட்டவன் எண்டு. அதை வாசிக்கப்போறது ஆர்? அப்பா மணியடிக்கிற அதே கோயில் சுவாமி. அந்த மனுசனை ரெண்டாந்தரமும் கோயிலை விட்டு இறக்கிறதோ? எனக்குக் கலியாணம் வேண்டாம் எண்டு சொல்லிட்டன். ஏன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அப்பாவுக்கும் சொல்லேல்ல. அவர் ஒரு கிழமை என்னோட கதைக்கேல்ல."

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெயர், பெற்றோர், தேதி. ஞானஸ்நானம் கொடுத்தவர்: சந்தியாகு, உபதேசியார். குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு. வேறு ஒன்றுமே இல்லை. அந்த முதல் பட்டியலில் எந்தப் பெயருக்குப் பக்கத்திலும் குறை எழுதப்படவில்லை. இரண்டாம் பட்டியல்தான் தனியாக, பின்னால், வேறு பக்கத்தில் இருக்கிறது. பிலோமினா அதில் இல்லை. அறுபது வருடத்துக்கு முன்பு அவர் கேட்டிருந்தாலும் இதே பளிச்சென்ற கடிதம்தான் வந்திருக்கும்.

பையை மூடினேன். "குடை எடுத்து வந்தேனான்னு பார்த்தேன் பெரியம்மா" என்றேன். நான் பொய் சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பெரியம்மாவுக்குப் பார்வை மங்கல், தப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோயிலைத் தனியாகப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். உண்மையில் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடலோர ரயிலில் கோட்டைக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும் என்று ரோஷினி தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். வந்த ரயிலில் ஏறினேன். கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனையிலேயே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்தால் அந்தம்மா ஒரு வாழ்க்கையையே ஒன்றுமில்லாததற்காக விட்டுக்கொடுத்தார் என்று தெரிந்துபோகும். கொடுக்காவிட்டால் விடையை மறைத்த வாத்தியார் ஆவேன். ரயில் நின்றது. பலகையில் தெஹிவளை. நான் போக வேண்டியது வடக்கே, போய்க்கொண்டிருந்தது தெற்கே.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்து மேடையைச் சுட்டிக் காட்டினார். ரயில் அவரை விட்டுவிட்டுப் புறப்படப் பார்த்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டு சன்னல் வழியாகச் சிரித்தார். எங்கள் ஊரில் இந்நேரம் நான்கு பேர் கூடி எனக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள்.

ரயில் போதும் என்று வெளியே வந்து ஒரு முச்சக்கர வண்டி பிடித்தேன். ஓட்டியவர் கொம்பனித்தெரு முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். "இந்தியாவா ஆன்ட்டி? எங்கட மகள் உங்கட டீவி நாடகம் எல்லாம் பாக்கிற" என்று பேசிக்கொண்டே வந்தவர், பாதி வழியில் சட்டென்று வேறு தெருவுக்குள் திருப்பினார்.

"இது கொட்டாஞ்சேனைக்குப் போற வழியா?" என்றேன் அதட்டலாக. இடம் தெரியாத ஊரில் அதட்டித்தான் பேச வேண்டும் என்பது என் கொள்கை.

"ரெண்டு நிமிசம் ஆன்ட்டி. காலைல ஒரு பொம்புள இதுல பொதிய விட்டுட்டு எறங்கிட்டாங்க. வீட்ட நான் கண்டு வச்சீக்கிறேன். குடுத்துட்டுப் போவோம்."

பின்னால் ஒரு துணிப்பொதி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்த வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தார். பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாசலுக்குப் போனோம். பத்து நிமிடம் நின்றோம். எனக்குக் கோபம் வந்தது. "அந்த அம்மாவுக்கு அது காணாமப் போனதே தெரியாம இருக்கலாம். நாளைக்குக் கொடுத்தா ஆகாதா?" என்றேன்.

"தெரியுமோ தெரியாதோ, அவங்கட சாமான் ஆன்ட்டி. என்ட வண்டில வச்சிக்கொண்டு நான் எப்புடி ஓடுற?"

அந்தப் பெண் வந்தார். பொதியை வாங்கியதும் பிரித்துப் பார்த்தார். வண்டி எண்ணெய் பட்டுச் சட்டை ஒன்று மட்டும் கறையாகிவிட்டிருந்தது. அதற்காக இவரை இரண்டு ஏச்சு ஏசினார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காவலுக்கு நின்றவர் உறையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப வைத்தார். உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் கோயிலைப்போல் நாலு மடங்கு உயரம். ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு சிங்களக் குடும்பம், இரண்டும் ஒரே தட்டில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணிக்கூண்டுக்குப் போகும் படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து பேக்கரியில் ஒரு மீன் பணிஸ் வாங்கித் தின்றேன். உறைப்பில் கண்ணீர் வந்தது. உறைப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை காலை ரோஷினியும் வீட்டிலிருந்தாள். அவள் பக்கத்தில் இருப்பது நல்லது என்று பட்டது. பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உறையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பெரியம்மா, உங்க ஞானஸ்நானக் கடிதம். எங்க சாமியார் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமையே கொடுத்திருக்கணும். எனக்குத் தைரியம் வரலை."

அவர் கையைக் கழுவினார். துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தட்டெழுத்துக்காரர் இல்லையா, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். கடைசி வரை போய்விட்டு மறுபக்கம் திருப்பினார். அது வெறுமையாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"இந்தக் கோடு என்ன?"

"குறிப்பு ஒன்னும் இல்லைன்னு அர்த்தம்."

"அப்பாவைப் பற்றி?"

"ஒன்னும் இல்லை. பேரும் உபதேசியாருங்கிறதும் மட்டும்தான்."

"இது இப்ப இருக்கிற சுவாமி பாவம் பாத்து எழுதினதோ? அல்லது அப்பவும் இப்பிடித்தானோ?"

இந்தக் கேள்வி வரும் என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். ஆமாம், பாவம் பார்த்து எழுதினார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பதிவேட்டை நானே பார்த்தேன் பெரியம்மா. அப்பவும் இப்படித்தான் வந்திருக்கும்" என்றேன்.

கடலோர ரயில் ஒன்று போனது.

"அப்ப கட்டியிருக்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள் நான், அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையிலேயே கதையை ஊகித்துக்கொண்ட ரோஷினி, "மாமி, மாமி" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியம்மா என்னைப் பார்த்து, "நீங்க ஏன் பிள்ளை அழுறீங்க? கலியாணம் குழம்பினது எனக்கு" என்றார். பிறகு அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. மூவரும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், பெனடிக்ற் என்ன ஆனார் என்று. "வேற பிள்ளையைக் கட்டினார். நாலு பிள்ளையள். முந்தின வருசம்தான் மோசம் போனார். செத்த வீட்டுக்குப் போய்ப் பின்னுக்கு இருந்திட்டு வந்தனான். நல்ல மனுசன்." கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "ஒண்டு நல்லது. நான் ஏன் வேண்டாம் எண்டனான் எண்டு அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சு, பிறகு இப்பிடி ஒரு கடிதத்தையும் கண்டிருந்தா அந்த மனுசன் தாங்கியிருக்க மாட்டார்."

அன்று மத்தியானம் அவர் யாரையும் சமையலறைக்குள் விடவில்லை. நான் உட்கார்ந்து மலருக்கான அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். சந்தியாகுவின் கைநடுக்கத்தை எழுதினேன். அந்தோனியம்மாளின் கையை எழுதினேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் தலையில் தண்ணீர் ஊற்றியவள் அவள். நூறு வருட வரலாற்றில் அவள் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. குடி என்ற சொல்லை எடுத்துவிட்டு, அது பொய் என்று ஊர் அறிய எழுதினேன். வாசித்துக் காட்டினேன். "என்ட கதை வேண்டாம்" என்றார் பெரியம்மா, "அம்மாட கை இருக்கட்டும்." பங்குத்தந்தைக்கு அனுப்பினேன். சபையில் நாலு பேர் முறுக்குவார்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டார். இந்தக் கட்டுரையில் பெரியம்மாவின் கதையை எழுத, பின்னால் அவரிடம் தனியாக அனுமதி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெரியம்மா குளித்து, மடிப்புக் கலையாத நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகப் பக்கத்துக் கோயிலுக்குத்தான் போவாராம். இன்று கொட்டாஞ்சேனைக்கு என்றார். மூன்று மாடி இறங்கவே கால் மணி நேரமானது. லிஃப்டைத் திட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இருந்த பங்கு அலுவலகத்துக்கு நடந்தார். அங்கே முப்பது வயதுச் சாமியார் ஒருவர் மேசை நிறைய விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து நாற்காலி காட்டினார். எனக்கு நாற்காலி இல்லை, சுவரோரம் நின்றேன்.

"என்ன அலுவல் அம்மா?"

பெரியம்மா உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "ஞானஸ்நானக் கடிதம் சுவாமி."

அவர் பிரித்து வாசித்தார். தேதியைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. "இது ஆருக்கு? பேரப்பிள்ளையின்ட கலியாணத்துக்கோ?"

"எனக்குத்தான். அறுபது வருசத்துக்கு முந்தி இந்தக் கோயில்ல எனக்கு முதல் அறிவிப்பு வாசிச்சது. கடிதம் கொண்டு வா எண்டு சுவாமி சொன்னவர். நான் கொண்டு வரேல்ல. கடிதத்தில பிழை இருக்கும் எண்டு பயந்து விட்டிட்டன். பாருங்கோ, ஒரு பிழையும் இல்ல. எங்கட அப்பாதான் ஞானஸ்நானம் தந்தவர். இங்க மணியடிச்ச சந்தியாகு. கேட்டதைக் குடுக்காமப் போனவள் எண்டு இருக்கக் கூடாதுதானே. வாங்கி வையுங்கோ."

சாமியார் கடிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பெனடிக்ற். அவர் போயிட்டார் சுவாமி."

அவர் பேனாவை எடுத்து, கடிதத்தின் மூலையில் அன்றைய தேதியைப் போட்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார். கோப்பு ஒன்றைத் திறந்து உள்ளே வைத்தார். பிறகு சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க ஆர்?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். வரலாறு எழுதுகிறவள், ஓய்வுபெற்ற ஆசிரியை, இந்தியாவிலிருந்து வந்தவள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க" என்றேன்.

பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், தோளெல்லாம் குலுங்க. சாமியார் எழுந்து போய் உள்ளறையிலிருந்து எனக்கும் ஒரு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார்.